சிறப்புக் கல்வி: பெற்றோருக்கான சட்ட உதவி (அமெரிக்கா)

மாற்றுத்திறன் குழந்தைக்கு உரிய கல்வியைப் பள்ளி தர மறுக்கும்போது அல்லது அரைகுறையாகத் தரும்போது, அமெரிக்கப் பெற்றோர் நாடும் சட்ட வழிகள். 1975-இல் இயற்றப்பட்டு 1990-இல் பெயர் மாறிய கூட்டாட்சிச் சட்டமே இதற்கு அடிப்படை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதப்பட வேண்டும். அதை வகுக்கும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர்.

அத்திட்டத்தில் உடன்பாடு எட்டாவிட்டால் சமரசப் பேச்சு, மாநிலக் கல்வித் துறையிடம் புகார், நடுநிலை அலுவலர் முன் விசாரணை ஆகியவை உண்டு. விசாரணைத் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். வழக்கு முடியும்வரை குழந்தையை அது இருக்கும் வகுப்பிலிருந்து மாற்றக் கூடாது என்பது பொது விதி. பெற்றோர் கையில் உள்ள வலுவான பிடி இதுதான்.

சிக்கல் செலவில்தான். வென்ற பெற்றோருக்கு வழக்கறிஞர் கட்டணத்தைப் பள்ளி மாவட்டமே தரும்படி நீதிமன்றம் ஆணையிடலாம் என 1986-இல் சட்டம் திருத்தப்பட்டது. நிபுணர் சாட்சிக்கான கட்டணம் அதில் சேராது என 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. உளவியலாளர் சாட்சியமின்றி இத்தகைய வழக்கை நடத்துவது கடினம் என்பதால் இது பெரிய அடி. அதற்கு முந்தைய ஆண்டுத் தீர்ப்போ, விசாரணை கோருபவரே தம் தரப்பை நிரூபிக்க வேண்டும் என்றது. நடைமுறையில் அவர் பெரும்பாலும் பெற்றோர். மாநிலச் சட்டங்கள் சில இதை மாற்றியுள்ளன.

வழக்கறிஞர் இல்லாமல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தாமே வாதாடும் உரிமையைப் பெற்றோருக்கு, பார்மா நகரப் பள்ளி மாவட்டத்துக்கு எதிரான வழக்கில் 2007-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பெற்றுத்தந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் கூட்டாட்சி நிதியில் இயங்கும் மாற்றுத்திறனாளர் பாதுகாப்பு அமைப்புகளும் பெற்றோர் பயிற்சி மையங்களும் உள்ளன. முன்னவை சட்ட உதவியும் பின்னவை வழிகாட்டலும் தருகின்றன.