மனச்சிதைவு நோயும் தாய்வீடும்

அங்கொடை என்பது கொழும்புக்கு அண்மையிலுள்ள ஓர் ஊர். 1926ஆம் ஆண்டில் அங்கு மனநோய் வைத்தியசாலை அமைந்த பின்னர், அப்பெயர் ஊரைக் குறித்ததினும் ஏளனத்தைக் குறித்ததே அதிகம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் அவ்வூரைக் கண்ணாற் காணாதவர்களும் அச்சொல்லை அறிவர். ஒரு வீட்டுப் பிள்ளை அங்கே கொண்டு செல்லப்பட்டான் என்றால், அச்செய்தி அவனுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிடும். அவன் சகோதரிக்கு நடந்து வந்த கலியாணப் பேச்சு நின்றுபோதலும் உண்டு. ஆகவே, நோயை மறைத்தல் குடும்பத்தின் முதற் கடமையாயிற்று. வைத்தியம் அதற்குப் பிந்திய கடமையாயிற்று.

1911ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்து வைத்தியர் ஒய்கன் புளூலர் விரிவாக எழுதிய நூலினால் நிலைபெற்ற சிசோஃபிரீனியா என்னும் பெயரையே தமிழில் மனச்சிதைவு நோய் என வழங்குகின்றோம். பிறர் கேளாத குரல்களைக் கேட்டல், காரணமின்றி உற்றாரை ஐயுறுதல், பேச்சுத் தொடர்பறுதல், முயற்சி குன்றித் தனித்திருத்தல் என அது பல வகையாய்த் தோன்றும். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவரை அது பற்றியுள்ளது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலும் இளமையின் வாயிலிலேயே அது தொடங்குகின்றது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்குவான் என எதிர்பார்க்கப்பட்ட பிள்ளையைக் குடும்பமே தாங்க வேண்டியதாகிறது.

ஆங்கில ஆட்சியினர் 1840ஆம் ஆண்டிலேயே இலங்கையில் இதற்கெனச் சட்டம் இயற்றினர். 1847இல் பொரளையில் மனநோயாளர் காப்பகம் ஒன்று எழுந்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒருவர் சித்தசுவாதீனமற்றவரா என ஆராயும் பொறுப்பை மாவட்ட நீதிபதியிடம் ஒப்புவித்தது. 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைக் கோவை அத்தகையோரின் சொத்தைப் பரிபாலிக்கும் முறையை விரிவாக வகுத்தது. நோயாளியின் தென்னந்தோட்டத்துக்குக் கூடப் பாதுகாப்பு இருந்தது. இரவில் அவனோடு விழித்திருந்த தாய்க்கு அச்சட்டங்களில் இடமில்லை. வைத்தியசாலைக்குத் தாமாகவே சென்று சேர்வதற்கான வழி 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் பிறந்தது.

கல்முனைக் கரையிலிருந்து அங்கொடைக்கு வழி 300 கிலோமீட்டருக்கும் மேல். வயல் வேலையையும் கைத்தறியையும் கடற்றொழிலையும் நம்பியிருந்த குடும்பத்தினர் அத்தொலைவு சென்று நோயாளியைப் பார்த்து வருதல் அரிதினும் அரிது. அங்கே வழங்கிய மொழியோ சிங்களம். தன் உள்ளத்தின் குழப்பத்தைத் தன் மொழியிற் சொல்ல வழியற்ற நோயாளியிடம் வைத்தியர் எதைத்தான் அறிந்திருக்கக்கூடும்? போர்க் காலத்திலோ சோதனைச் சாவடிகளும் ஊரடங்குச் சட்டமும் அண்டை நகரான மட்டக்களப்பையே தொலைவாக்கிவிட்டன.

ஆகையால் இக்கரையில் நோயாளரைப் பேணியது வீடே. இப்பகுதி முஸ்லிம்களின் வீட்டு முறை தனித்துவமானது. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். வீடு பெண்ணுக்குச் சீதனமாகிறது. மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்கிறான். இம்முறை பெண்களுக்கு அளித்த வலிமை பெரிது. ஆனால் ஆண்மகன் ஒருவன் நோயுற்று, அவன் மணவாழ்வும் முறிந்துவிட்டால் அவன் திரும்பி வருவது தாய்வீட்டுக்கே. அவ்வீடோ சகோதரிக்கு எழுதப்பட்டிருக்கும், அல்லது எழுதப்படவிருக்கும். உம்மா உள்ளவரை அவன் அவ்வீட்டின் பிள்ளை. உம்மா கண்மூடிய பின்னர் மச்சானின் வீட்டில் ஒரு மூலையில் இருப்பவன். இப்பிணியின் சுமை பெண்கள் மீதே, அதிலும் சகோதரியர் மீதே, இறங்கியதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணமாகும்.

அவர்கள் முதலில் நாடியது ஓதிப் பார்ப்பவரையும் நாட்டு வைத்தியரையும் தர்காக்களையும். இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. குடும்பத்தார் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டவர், அவர்கள் மொழியிலேயே மறுமொழி சொன்னவர், அக்காலத்தில் வேறு யார் இருந்தனர்? மனநோய்க்கு வைத்தியம் செய்தல் இஸ்லாமிய மரபுக்குப் புதிதும் அன்று. கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் 1284இல் அமைத்த வைத்தியசாலையில் மனநோயாளர்க்கெனத் தனிப் பகுதி இருந்தது.

ஆயினும் வைத்தியமும் துணையும் கிட்டாத இடத்தில் நம்பிக்கை மட்டுமே எஞ்சினால் நேர்வது யாது என்பதைக் கடலுக்கு அப்பாலுள்ள ஏர்வாடி காட்டியது. தர்காவை நாடி வந்தோரை வைத்திருந்த தனியார் விடுதியொன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தீ மூண்டபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். அங்கே அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தோரில் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர், களைத்துப்போன உறவினர்.

குடும்பத்தையே வைத்தியத்தின் பங்காளியாக்கும் முயற்சியும் இந்தியாவிலேயே முன்னதாகத் தோன்றியிருந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்திற் கூடாரங்கள் அமைத்து உறவினரை நோயாளரோடு தங்கச் செய்தார். அதே காலத்தில் வேலூரில் டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்கினர். தங்கியவர்கள் மருந்து கொடுக்கும் முறையையும் நோயின் இயல்பையும் கற்றுக்கொண்டனர். பிறர் வீட்டுத் துயரையும் கண்டனர். 1984இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோயாளரின் மறுவாழ்வைத் தன் பணியாகக் கொண்டது.

இலங்கையைப் பற்றிய ஆய்வொன்றும் உலகின் கவனத்தை ஈர்த்தது. நான்சி வாக்ஸ்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இந்நோயுற்ற 44 பேரை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1979இல் முடிவை வெளியிட்டார். செல்வ நாடுகளில் எதிர்பார்க்கப்பட்டதினும் இங்குள்ளோர் நன்கு தேறியிருந்தனர். குடும்பமும் ஊரும் நோயாளியை என்றென்றைக்கும் நோயாளியாகவே கருதாமை அதற்கொரு காரணம் என அவர் எண்ணினார். அம்முடிவு குறித்து அறிஞரிடையே வாதங்கள் உண்டு. அது எவ்வாறாயினும், குடும்பத்தைப் புகழ்ந்துவிட்டு அதனைத் தனியே விட்டுவிடுதற்கு இத்தகைய ஆய்வுகள் சாக்காகிவிடலாகாது. லண்டனில் ஜூலியன் லெஃப் முதலியோர் 1982இல் வெளியிட்ட ஆய்வு, ஓயாத கடிந்துரையும் மிகையான தலையீடும் நோயை மீளச் செய்யக்கூடும் என்பதையும், உறவினர்க்கு நோயை விளக்கித் துணை நின்றால் அது மீளுதல் குறைகிறது என்பதையும் காட்டிற்று. கடிந்துரைப்பவர் பெரும்பாலும் உறக்கமிழந்தவரே.

கீழ்க்கரையில் மாற்றம் மெல்லவே வந்தது. 2000ஆம் ஆண்டளவில் உளமருத்துவர் மகேசன் கணேசன் மட்டக்களப்பில் பணியேற்று மனநலச் சேவையை ஏறக்குறைய அடித்தளத்திலிருந்தே கட்டியெழுப்பினார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல்கோள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகுதியான உயிரிழப்பு அங்கேதான். நோயாளரோடு அவர்களைப் பேணியவர்களையும் மருந்துச் சீட்டுகளையும் வீடுகளையும் கடல் கொண்டுபோயிற்று. அத்துயரை ஒட்டி உலகின் கவனம் திரும்பியது. 2005 அக்டோபரில் அரசு ஏற்ற மனநலக் கொள்கை, சேவையைக் கொழும்பிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல வகுத்தது. கடல்கோள் பாதித்த பகுதிகளில் சமூக உதவி அலுவலர்கள் வீடு தேடிச் சென்றனர். கடல்கோளுக்கு முன் 10 மாவட்டங்களில் மட்டுமே இருந்த மனநலச் சேவை அமைப்பு 20 மாவட்டங்களுக்குப் பரவியதாக உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் எழுதியது.

அண்மையில் ஒரு கிளினிக் இருப்பது சிறு செய்தி போலத் தோன்றலாம். நாளும் மாத்திரைக்காக நடக்கும் போராட்டத்துக்குப் பதிலாக மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு, அதே பகலில் பஸ் ஏறி வீடு திரும்ப முடிகின்ற உம்மாவுக்கு அது சிறிதன்று.

மருந்து தீர்க்காத வினா ஒன்று எஞ்சியுள்ளது: தாய்க்குப் பின் அவனுக்கு யார்? முன்னாளில் குடி மரைக்காயர்கள் பள்ளிவாசலிற் கூடி இத்தகைய குடும்ப வழக்குகளைப் பேசித் தீர்த்தனர். அவ்வதிகாரம் இப்போது தளர்ந்துள்ளது. ஆனால் சீதன உறுதி எழுதும்போது பெற்றோர் தமக்கென ஆயுட்கால உரிமையை ஒதுக்கிவைக்கும் வழக்கம் உண்டு. அதே உறுதியில் நோயுற்ற மகன் வாழ்வதற்கும் ஓர் அறையையும் ஆயுட்கால உரிமையையும் எழுதச் சொல்லி நொத்தாரிசைக் கேட்கலாம். மகளின் கலியாணத்துக்கு முன்னரே, மருமகனும் அறிய, அதனைச் செய்யலாம்.