கல்கிசைச் சுரங்கமும் சொல்லப்படாத காதலும்



நான் குடியிருக்கும் கல்கிசையில், கடலை நோக்கி நீண்டு நிற்கும் பாறை மேட்டின்மேல் பெரிய விடுதியொன்று உண்டு. தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லண்ட் 1806ஆம் ஆண்டில் அவ்விடத்திலே தமக்கொரு மாளிகை அமைத்தார். லவினியா என்னும் நடனமாதை அவர் விரும்பினார் என்றும், ஊரார் கண்ணிற் படாது அவளைச் சந்திக்கும் பொருட்டு அவள் வீட்டுக் கிணற்றிலிருந்து மாளிகை நிலவறை வரை சுரங்கவழி அமைத்தார் என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. ஊரின் ஆங்கிலப் பெயர் அவளால் வந்தது என்பர். கடற்பறவையொன்றின் சிங்களப் பெயரால் வந்தது என்பாரும் உளர். எங்ஙனமாயினும், அம்மறைவுக் காதலை நம்மவர் புன்முறுவலோடு சொல்லி மகிழ்கின்றனர். இன்று யான் பேசவிருப்பது அத்தகைய புன்முறுவலைப் பெறாத வேறொரு மறைவைப் பற்றியது.

என்னிடம் கற்றுத் தேறி, இப்போது உத்தியோகம் பார்க்கும் இளைஞர் ஒருவர் சில திங்களுக்கு முன் என்னைக் காண வந்தார். 2020இல் வெளிவந்த யப்பானிய அசையுஞ் சித்திரப் படமொன்றைப் பார்க்குமாறு சொன்னார். 'கடற்கரையின் அந்நியன்' என்று அதன் பெயரை நாம் தமிழாக்கலாம். கன்னா கீ என்பவரின் சித்திரக் கதையைத் தழுவியது. எழுத்தாளனாக விரும்பும் ஓர் இளைஞன், பெண்ணொருத்தியை மணக்கவிருந்த வேளையில், தன் மனம் ஆடவரையே நாடுவதைப் பெற்றோரிடம் சொல்லிவிட்டு வீட்டை விட்டு நீங்குகிறான். ஒக்கினாவாத் தீவொன்றிலே வாழும் அவனை ஓர் ஆடவன் நேசிக்கிறான். தன் நேசத்தை ஏற்கவும் அஞ்சி, மறுக்கவும் மாட்டாது அவன் தவிப்பதே கதை. சித்திரப் படம் சிறுவர்க்குரியது என்றெண்ணியிருந்த யான் அதை இருமுறை பார்த்தேன்.

யப்பானில் இவ்வச்சம் தொன்றுதொட்டு வந்ததன்று. ஈகாரா சைக்காக்கு என்னும் பேரெழுத்தாளர் 1687இலேயே ஆடவரிடைக் காதலைப் பற்றி நாற்பது கதைகள் கொண்ட தொகுதியொன்றை வெளியிட்டார். மெய்யி ஆட்சிக் காலத்தில், 1873ஆம் ஆண்டுச் சட்டம் ஆடவரிடைப் புணர்ச்சியைக் குற்றமாக்கிற்று. ஆயின் 1882இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டக்கோவையில் அக்குற்றம் இடம்பெறவில்லை. அதற்கு அடுத்த ஆண்டிலேதான், அதாவது 1883இல், பிரித்தானியர் ஆண்ட இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. அதன் 365ஆம் பிரிவு இவ்வுறவைக் குற்றமெனக் கொண்டது. யப்பானியர் கைவிட்ட கதவை நமக்கு வேறொருவர் கொணர்ந்து பூட்டினர். பூட்டியவரின் நாட்டிலே அக்கதவு 1967இல் திறக்கத் தொடங்கிற்று. நம்முடையது இன்னும் பூட்டியே கிடக்கிறது.

அக்கதவினுள்ளே வாழ்ந்தவருள் ஒருவர் லயனல் வென்ட். 1900இல் கொழும்பிலே பறங்கியர் குடும்பத்திற் பிறந்தவர், தந்தையார் நீதிபதி. இலண்டனிற் சட்டமும் பியானோவும் பயின்று 1924இல் நாடு திரும்பினார். வழக்கறிஞர் தொழிலை விடுத்து, இசையிலும் பின்னர் ஒளிப்படக் கலையிலும் ஈடுபட்டார். 1934இல் பசில் றைற் எடுத்த 'இலங்கையின் கீதம்' என்னும் படத்திலே கேட்கும் வருணனைக் குரல் அவருடையதே. நவீன ஓவியரின் '43 குழு' அவர் இல்லத்திலேயே உருவாயிற்று. மீனவர், கூலியாட்கள், வெயிலிற் குளிக்கும் இளைஞர் ஆகியோரின் உடல்களை அவர் எடுத்த படங்களில், ஆய்வாளர் பலர் ஆடவர்பால் அவர் கொண்ட நேசத்தைக் காண்கின்றனர். சொல்லால் உரைப்பதற்கு இடமில்லாத காலம். ஒளியாலும் நிழலாலும் உரைத்தார். 1944இல் அவர் மறைந்தபின் அவருடைய நெகட்டிவுகள் அழிக்கப்பட்டன. படங்கள் எஞ்சின. அவர் வீடிருந்த நிலத்தில் 1953இல் திறக்கப்பட்ட அரங்கிலே நம்மிற் பலர் நாடகம் பார்த்திருக்கிறோம். அவர் யார் என்று நாம் கேட்டதில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாது செல்ல என் மனம் இடந்தரவில்லை. சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா 1929 முதல் கொழும்பிலே கொன்சலாயிருந்தார். வெள்ளவத்தைக் கடலோரத்திலே வசித்தார். வென்ட் அவருக்கு நண்பர். படிக்கப் புத்தகங்கள் அனுப்பியவர். அதே வீட்டிலே, மலக்கூடம் துப்புரவு செய்ய வந்த தமிழ்ப் பெண்ணொருத்தியை அவள் விருப்பின்றி வலிந்து கொண்டதை நெருடா தம் நினைவுக் குறிப்பிலே தாமே எழுதினார். அந்நூல் 1974இல் வெளிவந்தது. அந்தக் கொடுமையை அச்சிலேற்ற அவருக்குத் தடையிருக்கவில்லை. எவருக்கும் தீங்கிழையாத நேசமோ வாய் திறக்க இயலாதிருந்தது.

மறைந்து வாழ்தல் என்பது நமக்குப் புதிதன்று. 1983 யூலையில் யான் பன்னிரண்டு வயதுச் சிறுவன், வெள்ளவத்தையில் இருந்தோம். அம்மா பொட்டை அழித்து, தாலியைச் சட்டைக்குள் மறைத்தார். அயலிலிருந்த சிங்களக் குடும்பம் எம்மைத் தம் அறையொன்றில் வைத்துக் காத்தது. வீதியிலே, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லுமாறு கேட்டு, நாக்குப் புரளும் விதத்தைக் கொண்டு தமிழரைப் பிரித்தறிந்தனர். மூன்று நாள் தமிழில் ஒரு சொல்லும் பேசாதிருந்தோம். தங்கை தூக்கத்திலே பேசிவிடுவாளோ என்றஞ்சி அம்மா அவள் அருகிலேயே விழித்திருந்தார். அம்மூன்று நாளை இன்றும் மறக்க இயலவில்லை. வாழ்நாள் முழுவதும் அவ்வாறு இருப்பவரை யான் அண்மைக்காலம் வரை எண்ணிப் பார்த்ததேயில்லை.

இவ்விரு மறைவையும் ஒரே கதையில் வைத்தவர், கொழும்பிற் பிறந்து, கலவரத்தின்பின் குடும்பத்தோடு கனடா சென்ற சியாம் செல்வதுரை. 1994இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய 'வேடிக்கைப் பையன்' என்னும் நாவலிலே அர்ஜி என்னும் தமிழ்ச் சிறுவன் பெண்பிள்ளைகளுடன் சேலையுடுத்தி மணப்பெண் விளையாட்டு ஆடுகிறான், வீட்டார் வெட்குகின்றனர். அவனை 'ஆண்பிள்ளை' ஆக்கவென்று தந்தையார் பாடசாலை மாற்றுகிறார். அங்கே அவன் ஒரு சிங்கள மாணவனை நேசிக்கிறான். முடிவிலே அவர்கள் வீடு எரிகிறது. அதிபர் என்ற முறையில் அந்தப் பாடசாலை மாற்றத்தை யான் எளிதிற் கடந்து செல்ல முடியாது. அதே வேண்டுகோளுடன் என் மேசைக்கு முன் அமர்ந்த தந்தையர் உண்டு. யானும் தலையசைத்திருக்கிறேன்.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். 1995இல் அது திருத்தப்பட்டபோது தளரவில்லை. பெண்களையும் உள்ளடக்குமாறு விரிந்தது. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் தம் நாட்டுச் சட்டத்தின் இதற்கொத்த பகுதியை நீக்கிற்று. 2023 மே மாதத்தில், இக்குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என நம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் அது நிறைவேறுமுன் 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

என் மாணவர் விடைபெறும்போது, இவ்வுரையில் தம் பெயரையும் தொழிலையும் குறிப்பிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். தம் தாயாரும் வானொலி கேட்பவர் என்றார்.