தொலைநகல் வழங்கி

ஃபேக்ஸ் சர்வர் என்றே அலுவலகங்களில் அறியப்படும் தொலைநகல் வழங்கி, தொலைபேசி இணைப்பையும் மின்னஞ்சலையும் பிணைக்கும் கணினி. பெறுநரின் ஃபேக்ஸ் எண்ணைக் குறித்து மின்னஞ்சலில் கோப்பை அனுப்பினால், வழங்கி அதை வரிக்கு 1,728 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படமாக்கி அந்த எண்ணை அழைக்கும். இணைப்பு கிடைக்காவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் எதிர்முனைக் கருவி தரும் ஒப்புதல் சமிக்ஞைதான் இதன் உயிர்நாடி. அதை வைத்தே 'சென்றது', 'செல்லவில்லை' என்ற மறுமொழி அனுப்பியவரின் அஞ்சல்பெட்டிக்கு வருகிறது. சாதாரண மின்னஞ்சலில் இந்த உறுதி தானாகக் கிடைப்பதில்லை. ஆனால் கருவி பெற்றதற்குத்தான் இது சான்று. ஆள் படித்ததற்கு அல்ல.

உள்வரும் ஃபேக்ஸைப் பிரிப்பது துறைவாரியான எண்கள். கொள்முதலுக்கு ஓர் எண், கிடங்குக்கு ஓர் எண் என ஒதுக்கினால், பக்கங்கள் பிடிஎஃப் கோப்பாக உரியவருக்கே போய்ச் சேரும். சாம் லெஃப்லர் எழுதிய ஹைலாஃபேக்ஸ் இவ்வகையில் புகழ்பெற்ற இலவச மென்பொருள்.

சென்னை அருகே ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி வளர்ந்தது தாளிலிருந்து மின்னஞ்சலுக்கு அலுவலகங்கள் மாறிய காலத்தில்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. ஆனால் நிசானின் தாய்நாடான ஜப்பானில் அலுவலகங்கள் ஃபேக்ஸை எளிதில் கைவிடவில்லை. மின்னஞ்சலுக்கு மாறிய அலுவலகம் அத்தகையோருடன் தொடர்பு கொள்ள வழங்கி உதவும். தொலைபேசி இணைப்பு இணையவழியாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு: அதில் குரலைச் சுருக்கும் முறை ஃபேக்ஸ் ஒலியைச் சிதைத்துவிடும். அதைத் தவிர்க்கவே 1998இல் டி.38 நெறிமுறை வகுக்கப்பட்டது.