எமது பாடசாலையின் முதற் கணினியும் ஒரு சிறு பற்றரியும்

நூற்றாண்டு விழாக் கண்காட்சிக்காகக் களஞ்சிய அறையைத் துப்புரவாக்கியபோது, உடைந்த வாங்குகளுக்கும் துருப்பிடித்த ஆய்வுகூடத் தாங்கிகளுக்கும் பின்னால், பழஞ்சீலையால் மூடிக் கட்டப்பட்ட கணினி ஒன்று எமக்கு அகப்பட்டது. 1998 இல் பாடசாலைக்கு வந்த முதற் கணினி அது. தரைப்பாதை மூடிக்கிடந்த அக்காலத்தில், வெளிநாட்டிலிருந்த பழைய மாணவியர் சிலர் பணம் சேர்த்து, கொழும்பில் வாங்கி, கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அப்போதே அது ஐந்தாறு வயதான இயந்திரம். உயர்தர வகுப்பிலிருந்த நாம் அலுவலக யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறோமே தவிர, தொட்டதில்லை.

கண்காட்சியில் வைப்பதற்கு அது இயங்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் மலர்க்குழுவுக்கு வேறொரு தேவை இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது, ஓடு பிரிந்த அலுவலகத்தில் மாணவர் சேர்வு இடாப்புகள் மழையில் ஊறியும் கறையான் அரித்தும் கிடந்தன. கணினி வந்ததும், வாசிக்கக்கூடிய பக்கங்களை எல்லாம் லிகிதர் அக்கா அதிலே தட்டச்சுச் செய்தார். கடதாசிகள் பின்னர் உதிர்ந்து போயின. ஆகவே 1985 முதல் 1995 வரை இங்கு சேர்ந்தவர்களின் பெயர்கள் இருக்கக்கூடிய இடம் இந்தப் பெட்டி ஒன்றுதான்.

நோயாளியைத் தொடுமுன் நோயின் வரலாற்றைக் கேட்பது வைத்தியரின் பழக்கம். இங்கும் அதையே செய்தோம். ஓய்வுபெற்றிருக்கும் லிகிதர் அக்காவின் வீட்டுக்குப் போய், கணினி கடைசியாக எப்போது வேலை செய்தது, எப்படி நின்றது என்று கேட்டோம். "அது பழுதாகி நிக்கேல்லை பிள்ளையள். புதுசு வந்தாப்பிறகு நான்தான் மூடிக் கட்டி வைச்சனான். இடாப்பு முழுக்க அதுக்குள்ளதான் கிடக்கு, ஒண்டும் அழிக்கேல்லை" என்றார். நல்ல நிலையில் வைக்கப்பட்ட இயந்திரம், வைத்த இடத்திலேயே கெட்டிருக்கிறது. அந்த ஒரு தகவல் பிறகு எமக்குப் பெரிதும் உதவியது.

வன்தட்டை மட்டும் கழற்றி இன்றைய மடிக்கணினியில் பொருத்தலாமே என்று எவரும் நினைப்பர். நாமும் முயன்றோம். தட்டுச் சுழலும் ஒலி கேட்டது. மடிக்கணினி அதை அடையாளங் காணவில்லை. அக்காலத்து வன்தட்டுகள் உருளை, தலை, பிரிவு என்ற மூன்று எண்களால் மட்டுமே இடத்தை அறியும். இன்று கடைகளில் கிடைக்கும் இணைப்பான்கள் பலவற்றுக்கு அந்தப் பழைய முறை புரியாது. ஆகவே தட்டை வாசிக்க அதனுடைய சொந்தக் கணினியே எழும்பவேண்டும் என்றாயிற்று.

கணினி எழும்புவதை ஆங்கிலத்தில் 'பூட்' ஆதல் என்பர். தன் சப்பாத்தின் வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்ற பழைய பகிடியிலிருந்து வந்த சொல் அது. மின்சாரம் கிடைத்தவுடன் கணினிக்கு எதுவுமே தெரியாது. அழியா நினைவகச் சில்லு ஒன்றில் எழுதப்பட்டிருக்கும் சிறு நிரலே அதற்கு முதற் பாடம் சொல்லும்: நினைவகத்தை எண்ணு, விசைப்பலகையைத் தேடு, தட்டைத் தேடு. இந்நிரலின் பெயர் பயோஸ்.

எம்மைப் போன்றோரின் கையில் கணினி வந்துசேர்ந்த வரலாறும் பயோசில்தான் இருக்கிறது. ஐபிஎம் நிறுவனம் தனது தனியாள் கணினியை 1981 ஓகஸ்ட் 12 இல் அறிமுகப்படுத்தியது. அதன் பெரும்பாலான பாகங்களை எவரும் சந்தையில் வாங்கலாம். பயோஸ் மட்டும் ஐபிஎம்மின் சொத்து. கொம்பாக் நிறுவனம் அதைப் பிரதி பண்ணாமல், அதே வேலையைச் செய்யும் நிரலைத் தானே எழுதி, 1982 நவம்பரில் தனது கணினியை அறிவித்தது. பின்னர் பீனிக்ஸ் நிறுவனமும் இவ்வாறே எழுதியது. ஒரு குழு ஐபிஎம் நிரல் என்னென்ன செய்கிறது என்று குறித்துக் கொடுக்க, அந்நிரலைக் கண்ணாலும் காணாத வேறொருவர் புதிதாக எழுதினார். 1984 முதல் அதை எவரும் விலைகொடுத்து வாங்கலாம் என்றானது. அதன் பின்னரே தாய்வானிலும் பிற இடங்களிலும் பெயரற்ற கணினிகள் பெருகி, விலை இறங்கியது. எமது பாடசாலைக்கு வந்ததும் அப்படிப் பெயரில்லாத, கொழும்பில் பொருத்தப்பட்ட 486 வகைக் கணினிதான்.

1981 ஆம் ஆண்டுக் கணினியில் பற்றரி இல்லை. ஒவ்வொரு முறையும் திகதியையும் நேரத்தையும் நாமே தட்டச்சுச் செய்யவேண்டும். 1984 இல் வந்த ஐபிஎம் ஏரி மாதிரியில் கடிகாரச் சில்லு ஒன்று சேர்க்கப்பட்டது. அதில் இருந்த நினைவிடம் 64 பைட் மாத்திரமே. 14 கடிகாரத்துக்கு, மிகுதி 50 இல் எந்த வன்தட்டு, எவ்வளவு நினைவகம் என்பன போன்ற குறிப்புகள். மின்சாரம் நின்றபின் இக்குறிப்பு அழியாதிருக்கவே பற்றரி தேவைப்பட்டது. பின்வந்த பல தாய்ப்பலகைகளில் 3.6 வோல்ற் நிக்கல் கட்மியம் பற்றரியைச் சிறு பீப்பா வடிவில் பற்றாசு வைத்தே ஒட்டினார்கள். கணினி ஓடும்போது அது மின்னேறும். ஓடாமல் வருடக்கணக்கில் கிடந்தால் வெறுமையாகி, உள்ளிருக்கும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு மெல்லக் கசியும்.

பெட்டியைத் திறந்தபோது அதைத்தான் கண்டோம். பற்றரியைச் சுற்றி நீலப்பச்சை நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. அது விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லின் கால்கள் வரை படர்ந்திருந்தது. நோய்க்குறி இன்னதென்று தெரிந்துவிட்டது.

ஆயினும் ஒழுங்கு தவறவில்லை. முதலில் மின்வழங்கியைத் தாய்ப்பலகையில் கொழுவாமல், பழைய தட்டொன்றைச் சுமையாகக் கொடுத்து அளந்தோம். ஐந்து வோல்ற்றும் பன்னிரண்டு வோல்ற்றும் சரியாக இருந்தன. அதன் இரு செருகிகளையும் மாற்றிச் செருகினால் பலகை எரியும். கறுப்புக் கம்பிகள் இரண்டு பக்கத்தாலும் நடுவில் சேரவேண்டும் என்பதே விதி. அடுத்து ரவுணில் ரேடியோ திருத்தும் ஐயா ஒருவர் பற்றரியை வெட்டி எடுத்தார். பொருக்கு காரமானதால் வினாகிரியைத் தொட்டுத் துடைத்தோம். அது நுரைத்து அடங்கியபின் சுத்த நீராலும், நீரை விரட்ட ஸ்பிரிற்றாலும் கழுவி, இரண்டு நாள் காயவிட்டோம். நினைவகப் பட்டிகள் நான்கின் பித்தளை நிறப் பற்களையும் பென்சில் அழிறப்பரால் தேய்த்து மீண்டும் செருகினோம். இவ்வகைப் பலகையில் நான்கும் சேர்ந்தே ஒரு தொகுதி. ஒன்று சரியாகப் படியாவிட்டாலும் கணினி ஊமையாகவே இருக்கும்.

ஆளியைப் போட்டோம். காற்றாடி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. ஐயா பொறுமையாக ஒவ்வொரு செப்புத் தடமாக அளந்து, தலைமயிர் அளவில் அறுந்திருந்த தடம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன்மேல் மெல்லிய கம்பியொன்றை ஒட்டினார். மீண்டும் போட்டபோது ஒரேயொரு 'பீப்' ஒலி. கணினிப் பாசையில் அதன் பொருள் எல்லாம் சுகம் என்பது. திரையில் நினைவகம் எண்ணப்பட்டது. பின்னர், வன்தட்டு இல்லை என்றது. திகதி 1980 ஜனவரி 1 என்றது. எம் வகுப்பில் பலர் பிறந்த ஆண்டு அது.

தட்டு இல்லாமற் போகவில்லை. 50 பைட் குறிப்பு அழிந்ததால் கணினிக்கு அதைத் தெரியவில்லை, அவ்வளவுதான். தட்டின் மேலே ஒட்டிய தாளில் 1001 உருளை, 15 தலை, 17 பிரிவு என்று இருந்தது. பெருக்கிப் பார்த்தால் சுமார் 130 மெகாபைட். இன்று கைத்தொலைபேசியில் சில நிமிடக் காணொளிக்கே அது போதாது. மூன்று எண்களையும் கொடுத்ததும் கணினி எழும்பியது. வேறெதையும் தொடாமல், இடாப்புக் கோப்புகளை முதலில் பிளொப்பித் தட்டுகளில் பிரதி எடுத்தோம்.

அவை பாமினி எழுத்துருவில் இருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். உருமாற்றி வாசித்தபோது, அக்கா தன்னால் வாசிக்க முடியாத இடங்களில் எதையும் ஊகித்து எழுதவில்லை என்று கண்டோம். 'எழுத்து அழிந்துள்ளது' என்றே குறித்திருந்தார். விலகிய காரணம் என்ற நிரலில் பலருக்கு 'இடம்பெயர்வு' என்றிருந்தது. சிலருக்கு ஒன்றுமே இல்லை. அவர்கள் விடுகைப் பத்திரம் கேட்டு வரவில்லை.

1990 இன் பின்னர் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றாக இருந்த ஊரில் நாம் வளர்ந்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். கிடைக்காத அந்தப் பொருளே இங்கு கேட்பாரற்றுக் கிடந்து எமது பெயர்களை அழிக்கப் பார்த்திருக்கிறது. உங்கள் வீடுகளிலும் பழைய கணினி மூடிக் கட்டிக் கிடந்தால், ஆளியைப் போட அவசரப்படாதீர்கள். முதலில் திறந்து, பற்றரியை எடுப்பியுங்கள்.

அப்பட்டியல் இம்மலரின் இறுதியில் அக்கா தட்டச்சுச் செய்தபடியே அச்சாகியுள்ளது. வெறுமையான இடங்களை நாம் நிரப்பவில்லை. அவர்களில் எவருடனாவது நீங்கள் ஒரே வாங்கில் இருந்திருந்தால், அவர் இப்போது எங்கே என்று தெரிந்திருந்தால், சங்கத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.