கல்தேரும் சுமைதாங்கியும்



மறைந்தாரை மறவாமைப் பொருட்டு வழியருகே கல் நிறுத்துதல் தமிழ்மக்களது தொன்றுதொட்ட வழக்கமாகும். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியர் ஆறு நிலைகளாக வகுத்துப் புறத்திணையியலுள் வைத்தனர் எனின், அவ்வழக்கத்தின் பழமை சொல்லாமே விளங்கும். அத்தகைய கற்களைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் திருவாரூர்த் தெருவிலும், ஊரைச் சூழ்ந்த வயல்வழிகளிலும் அவை நிற்கின்றன. அவற்றுள் இரண்டனைக் குறித்து ஈண்டு எழுதப் புகுந்தேன். ஒன்று யாவரும் அறிந்தது. மற்றொன்று யாவரும் காணாது கடந்து செல்வது.

முன்னையது, தியாகராசப் பெருமான் திருக்கோயிலுக்கு வெளியே வடகிழக்குப் பக்கத்தில் விளங்கும் கல்தேர். அரசிளங்குமரன் ஊர்ந்த தேர்க்காலிற் கன்றொன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலின் ஆராய்ச்சி மணியை அசைத்து முறையிட்டது. மனுச்சோழன் தன் ஒரே மைந்தனைத் தேர்க்காலில் இட்டான். இறைவன் அருளால் மாண்டார் மீண்டார். இவ்வரலாற்றை நம் இல்லங்களில் அறியாத குழந்தையும் இராது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலும் இம்மன்னனுக்குச் சிலை உண்டு.

இது புராணிகர் புனைந்த கதை என்று எளிதாகச் சொல்லிவிடுவார் உளர். அன்னார் ஒன்று கருதல் வேண்டும். சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் அருளியது, 1133இல் பட்டமெய்திய இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் என்பர். அவன் தந்தையாகிய விக்கிரமசோழனது 5ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1123ஐ ஒட்டிப் பொறிக்கப்பெற்ற திருவாரூர்க் கோயிற் கல்வெட்டிலேயே இவ்வரலாறு காணப்படுகின்றது. அதற்கும் முற்பட்ட சிலப்பதிகாரத்தில், பாண்டியன் அவையில் நின்ற கண்ணகி தன் ஊரின் பெருமையாக இதனையே எடுத்துரைக்கின்றாள். ஆகவே, புராணம் பிறக்குமுன்னரே இந்நினைவு தமிழ்நாட்டில் வேரூன்றி இருந்தமை தெளிவாம்.

அக்கல்வெட்டில் கல்தேர் சொல்லாத செய்தி ஒன்றும் உண்டு. மன்னனது ஆணையை ஏற்ற மந்திரியின் பெயரை அது பாலையூருடையான் உபயகுலாமலன் என்று குறிக்கின்றது. தந்தை வழியும் தாய் வழியுமாகிய இருகுலத்தும் மாசற்றவன் என்பது அப்பெயரின் பொருள். அம்மந்திரியின் வழிவந்தோன் ஒருவனுக்கு மாளிகை உரிமையாக்குதலே அச்சாசனத்தின் நோக்கம். குலப்பெருமை பேசுவது மனித இயல்பு. கல்வெட்டும் அதற்கு விலக்கன்று. ஆயின், அப்பெருமை எதன்மேல் நிற்கின்றது? தன் குலக்கொழுந்தின் உயிரையும் ஓர் ஆன்கன்றின் உயிரையும் ஒரே துலாக்கோலில் வைத்தான் ஓர் அரசன் என்பதன்மேல் அன்றோ?

இலங்கையிலும் இதனை ஒத்த வரலாறு உண்டு. அநுராதபுரத்தில் 44 ஆண்டு ஆண்ட சோழநாட்டானாகிய எல்லாளனும் கன்றைக் கொன்ற மைந்தனை அத்தேர்க்காலாலேயே தண்டித்தான் என்று மகாவம்சம் கூறும். அவனைப் போரில் வென்ற துட்டகைமுனு, பகைவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச்சின்னம் எடுத்து வழிபாடும் வகுத்தான். அவ்விடத்தை அணுகும்போது அரசரும் வாத்தியம் நிறுத்துவர் என்றும் அந்நூல் உரைக்கும். மாற்றாரும் தலைவணங்குவதே நினைவுக்கல்லின் உண்மைச் சிறப்பு.

இனிப் பின்னையது. இரண்டு கற்களை நாட்டி, மார்பளவு உயரத்தில் குறுக்கே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருப்பர். அதுவே சுமைதாங்கி. நெல்மூட்டையும் விறகுக்கட்டும் தலையிற் சுமந்து நடந்தோர், பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறி, மீண்டும் ஏற்றிச் செல்வதற்கு அது துணையாயிற்று. கருவுற்றிருந்து, பிள்ளைப்பேறு காணாமலே இறந்துபட்ட பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் அதனை நிறுவுவது வழக்கம். இறக்க இயலாத சுமையுடன் மாண்டாள் ஒருத்தி; அவள் பொருட்டு வழிச்செல்வோர் சுமை இறங்குக என்பதே அதன் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரை அத்தகைய கல் ஒன்றைக் காட்ட அழைத்துச் சென்றேன். "ஐயா, இதில் யார் பெயரும் இல்லையே?" என்றான் ஒருவன். அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி, "பேர் எதுக்குப்பா? வயித்துப் புள்ளையோட போனவ கல்லு. எங்க ஆத்தா காலத்துல அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் மூட்டையைத் தூக்குவாங்க" என்றாள். அதற்குமேல் யான் கற்பிக்க வேண்டியது யாதொன்றும் இல்லையாயிற்று. பின்னர்ச் சாலை அகலப்படுத்திய காலத்தில் அக்கல் பெயர்க்கப்பட்டது. யான் சென்று பார்த்தபோது குழிதானும் இல்லை, தார் மூடியிருந்தது.

கன்றை இழந்த தாயின் துயருக்குக் கல்தேர் சான்று. கன்றோடு மறைந்த தாயின் துயருக்குச் சுமைதாங்கி சான்று. முன்னதைக் காக்கக் கோயிலும் புராணமும் உள. பின்னதைக் காக்க நம்மையன்றி யாருளர்?

ஆதலின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்வழியில் நிற்கும் கற்களைச் சென்று காண்க. நிற்கும் இடம், எழுத்துண்டாயின் அதன் வாசகம், முதியோர் கூறும் செய்தி ஆகியவற்றை எழுதி இவ்விதழுக்கு விடுக்க. எழுத்தின்மேல் சுண்ணாம்பு பூசற்க; சாந்து மெழுகற்க. சாலைப்பணி நடைபெறின், கல்லைப் பெயர்த்து அருகே நிறுத்தித்தருமாறு முன்னரே விண்ணப்பித்துக்கொள்க. நம் குலத்தார் பெயர் பொறித்த கற்களை மட்டும் தேடுதல் போதாது. பெயரே பொறியாத கல்லும் யாரோ ஒருவர் குடும்பத்துக் கண்ணீரே என்பதை நம் மக்கட்கு உணர்த்துவோமாக.