குளியலறை விளக்குக்குப் பின்னால் ஒரு வரலாறு

மின்விளக்கின் வரலாறு என்றதும் எடிசன், ஸ்வான் ஆகிய பெயர்கள்தான் நினைவுக்கு வரும். அந்த விளக்கைத் தண்ணீர் படும் இடத்தில் ஆபத்தில்லாமல் மாட்டுவது எப்படி என்று மனிதன் கற்றுக்கொண்ட கதையை யாரும் அதிகம் சொல்வதில்லை. அந்தப் பாடத்துக்கு உயிர்களையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

1881ல் பணியில் சேர்ந்த இன்ஃப்ளெக்சிபிள் என்ற பிரிட்டிஷ் கப்பல், மின்விளக்கு பொருத்தப்பட்ட ஆரம்பகாலப் போர்க்கப்பல்களில் ஒன்று. அதில் பயன்பட்டது 800 வோல்ட்! 1882ல் அந்தக் கப்பலில் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். அதன் பிறகு 80 வோல்ட் போதும் என்று கடற்படை முடிவு செய்தது.

வீடுகளில் வோல்ட்டை அவ்வளவு குறைக்க முடியாது. ஆனால் ஆபத்து அங்கும் உண்டு. உலர்ந்த தோலின் மின்தடை 1,00,000 ஓம் வரை இருக்கலாம். நனைந்தால் அது 1,000 ஓம் அளவுக்குக் குறைந்துவிடலாம். விளக்கு அதேதான், ஆனால் உடலில் பாயும் மின்சாரம் பல மடங்கு!

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் இதையே ஆராய்ந்தார். 1961ல் அவர் உருவாக்கிய கருவி, போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று கண்காணிக்கும். சில மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். அமெரிக்க மின்விதிகள் 1968ல் நீச்சல்குளத்தின் நீரடி விளக்குகளுக்கு அதைக் கட்டாயமாக்கின. 1975ல் குளியலறை பிளக் பாயிண்டுகளுக்கும் அது வந்தது.

அடுத்த கேள்வி, எந்த இடத்துக்கு எந்த விளக்கு? சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1976ல் வெளியிட்ட தரம் இதற்கு விடை தந்தது. அதுதான் 'ஐபி' எண். அதன் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது இலக்கம் 4 என்றால் எல்லாப் பக்கத் தெறிப்பையும் தாங்கும். 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் சிறிது நேரம் மூழ்கினாலும் பரவாயில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூழ்குவதைத் தாங்கும் 7, பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் வெவ்வேறு சோதனைகள். எண் பெரியதா என்று பார்த்தால் மட்டும் போதாது, தண்ணீர் எப்படி வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஷவருக்கு மேலே, மொட்டைமாடியில், தோட்டத்தில்... ஒவ்வொரு இடத்திலும் ஈரம் வேறு மாதிரி. விளக்குப் பெட்டியின் மூலையில் அச்சிட்டிருக்கும் அந்தச் சின்ன எண், நூறு ஆண்டு அனுபவத்தின் சுருக்கம். அடுத்த முறை கடையில் அழகைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்!