வராதவர்களின் கணக்கு: சமூகத் தொழில்முனைவில் வடிவமைப்புச் சிந்தனை

வடிவமைப்புத் துறையைச் சேர்ந்த டிம் பிரவுனும் ஜோஸலின் வையட்டும் 2010ஆம் ஆண்டு ‘ஸ்டான்ஃபோர்டு சோஷியல் இன்னோவேஷன் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரை, வடிவமைப்புச் சிந்தனையைச் சமூகப் பணித் துறைக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது. ஐதராபாத் அருகே வாழும் ஒரு பெண்ணைப் பற்றிய விவரிப்போடு அது தொடங்குகிறது. நாந்தி அறக்கட்டளையின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அவருக்கு நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகும். ஆனாலும் அவர் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே எடுக்கிறார். அதனால் வீட்டில் அவ்வப்போது நோய் வருவதும் அவருக்குத் தெரியும். நிலையம் கட்டாயமாக்கியிருந்த ஐந்து காலன் கேனை இடுப்பிலோ தலையிலோ வைத்துச் சுமக்க முடியவில்லை. கணவர் நகரத்தில் வேலை முடித்துத் திரும்புவதற்குள் நிலையம் மூடிவிடுகிறது. மாத அட்டை வாங்கினால் நாளுக்கு ஐந்து காலன் எடுத்தாக வேண்டும். அவ்வளவு அவர் வீட்டுக்குத் தேவையில்லை.

இக்கட்டுரையைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பெண் நிலையத்தின் வாடிக்கையாளரே அல்ல என்பதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. அவர் வராதவர். தண்ணீர் எடுக்க வந்தவர்களிடம் மட்டும் பேசியிருந்தால் கேனின் எடை ஒரு சிக்கலாகவே தென்பட்டிருக்காது, ஏனெனில் வந்தவர்கள் அதைச் சுமக்க முடிந்தவர்கள். சமூகத் தொழில்முனைவுக்கு மிகத் தேவையான அறிவு வராதவர்களைப் பற்றியது. இன்று பயிற்சிப் பட்டறைகளில் கற்பிக்கப்படும் வடிவமைப்புச் சிந்தனையில் அந்த அறிவைத் தேடும் படி இல்லை. இதுவே என் வாதம். ஸ்டான்ஃபோர்டு வடிவமைப்புப் பள்ளி பரப்பிய ஐந்து படிகள், பயனரின் நிலையை உணர்வதில் தொடங்கி முன்மாதிரியைச் சோதிப்பதில் முடிகின்றன. அவை எல்லாமே ஏற்கெனவே ஒரு பயனர் நம் எதிரே இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன.

பிரவுன் 2008இல் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’வில் எழுதியபோது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சிறந்த சான்றாகக் காட்டினார். பொருத்தமான சான்றுதான்; ஆனால் அவர் காட்டியதற்கு அப்பாலும் அதில் பாடம் உண்டு. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் இதைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரின் வருமானத்தில் ஏழைகளுக்கு இலவச அறுவை சிகிச்சை, ஒரே மருத்துவர் அடுத்தடுத்த மேசைகளில் தொடர்ந்து செய்யும்படி அமைத்த அறுவைக்கூடம், விழிவில்லைகளை மலிவாக உள்ளூரிலேயே செய்ய 1992இல் நிறுவிய ஆரோலேப் ஆகியவை பரவலாக எழுதப்பட்டுவிட்டன. நான் கவனிக்க விரும்புவது வேறொன்று. இலவசமாகக் கொடுத்தும் மக்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வியை அந்த நிறுவனம் பல ஆண்டுகளாக விடாமல் கேட்டுவந்தது.

மதுரை வட்டாரக் கிராமங்களில் நடந்து 1991இல் வெளியான ஓர் ஆய்வு, ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, விழிப்புணர்வு வழிகளையும் பொருளுதவியையும் வெவ்வேறு விதமாகச் சேர்த்துச் சோதித்தது. செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்ட ஊர்களில் கண்புரை அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தவர்கள் கூடினர். ‘இலவசம்’ என்று அறிவித்த பிறகும் பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் துணைக்கு வருபவர் இழக்கும் கூலியும் நோயாளியின் தலையில்தான் விழுகின்றன. ஏற்கெனவே அந்தச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரையே வீடுவீடாக அனுப்பிப் பேசவைத்த முறையும் அதில் சோதிக்கப்பட்டது. பார்வை திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் வாசலில் வந்து நின்று சொல்வதற்கு ஒலிபெருக்கி அறிவிப்பு ஈடாகாது.

1999இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிடக் கடுமையான உண்மையைச் சொன்னது. ஊர்களுக்கே போய் நடத்தும் கண் பரிசோதனை முகாம் நடந்த பகுதிகளில் கண் கோளாறு உள்ளவர்களில் சுமார் 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்தனர். கண் கெட்டுவிடுமோ என்ற அச்சம், செலவு, வீட்டுப் பொறுப்பு ஆகியவை மற்றவர்களைத் தடுத்தன. முகாம் நாளன்று பள்ளி வளாகத்தில் நீண்ட வரிசை நின்றிருக்கும். அதைப் பார்ப்பவருக்கு முகாம் வெற்றி. ஊரைக் கணக்கெடுத்தவருக்குத்தான் அந்த வரிசை எவ்வளவு சிறியது என்று தெரியும்.

இந்தக் கணக்கிலிருந்தே பார்வை மையங்கள் என்ற புதிய வடிவம் வலுப்பெற்றது. சுமார் 50,000 மக்களுக்கு ஒன்றாக, பஸ் நிற்கும் சிற்றூரில் நிரந்தரமான ஓர் இடம். சுற்று வட்டாரத்திலிருந்தே தேர்ந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள் கண்ணைச் சோதிப்பார்கள். மருத்துவர் தலைமை மருத்துவமனையிலிருந்து காணொளி வழியே நோயாளியுடன் பேசுவார். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபை இணைப்பை அமைத்து, தேனிப் பகுதியில் இதற்குத் துணைநின்றனர். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. ஒருநாள் முகாமைத் தவறவிட்டவர் கதிரறுப்பு முடிந்த பிறகு வரலாம். பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரலாம். வராதவரின் நாளைச் சுற்றி அமைந்த வடிவம் இது.

இதற்கு நேரெதிரான சான்று தென்னாப்பிரிக்காவின் ‘பிளேபம்ப்’. குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினம் நிலத்தடி நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும்; தொட்டியின் பக்கங்களில் ஒட்டும் விளம்பரம் பராமரிப்புச் செலவைத் தரும். 2000இல் உலக வங்கியின் பரிசு, 2006இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் நிதி அறிவிப்பு, 2010க்குள் 4,000 பம்புகள் என்ற இலக்கு என்று இது வேகமாக வளர்ந்தது. கருவி ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர். குழந்தைகள் இல்லாத வேளையில் பெண்கள் அந்தச் சக்கரத்தைத் தள்ளிச் சோர்ந்தார்கள். சில இடங்களில் நன்றாக ஓடிய கைப்பம்பைப் பிடுங்கிவிட்டு இதை நட்டிருந்தார்கள். ஒரு பம்பால் பயன்பெறுவர் என்று சொல்லப்பட்ட 2,500 பேருக்குத் தேவையான குறைந்தபட்ச நீர் கிடைக்க, நாளொன்றுக்கு 27 மணிநேரம் விளையாட வேண்டியிருக்கும் என்று 2009இல் கார்டியன் நாளிதழில் வந்த கணக்கு காட்டியது. விளையாடும் குழந்தைகளைப் படம் பிடித்தவர்கள், மாலையில் குடத்தோடு நின்ற பெண்ணைக் கணக்கில் எடுக்கவில்லை.

பயனருடன் உரையாடுவது பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. ஸ்டான்ஃபோர்டு வகுப்பொன்றில் 2007இல் பிறந்த ‘எம்ப்ரேஸ்’ குழந்தைக் கதகதப்புப் பையை உருவாக்கியவர்கள் இந்தியக் கிராமத்துத் தாய் ஒருவரிடம் பேசினார்கள். மேலைநாட்டு மருந்து வீரியமானது என்பதால் மருத்துவர் சொன்னதில் பாதிதான் கொடுப்பேன், கருவியையும் 37 பாகைக்குப் பதில் குறைத்தே வைப்பேன் என்றார் அவர். எண் காட்டும் திரையை நீக்கி, சரி அல்லது சரியில்லை என்று மட்டும் காட்டும் குறியை அவர்கள் வைத்தார்கள். ஓர் உயிரைக் காக்கக்கூடிய திருத்தம் அது. ஆனால் உரையாடலுக்கு எல்லை உண்டு. மலிவு விலை சானிட்டரி நாப்கினுக்காகக் கோவை அருணாசலம் முருகானந்தம் உழைத்தபோது, வீட்டுப் பெண்கள் கருத்துச் சொல்லக் கூசினார்கள். மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் படிவம் கொடுத்தார். சிலர் மட்டும் உட்கார்ந்து எல்லோருக்குமாக அதை நிரப்புவதைக் கண்டார். பிறகு தாமே அணிந்து பார்க்கும் நிலைக்கு வந்தார். வெட்கமும் அச்சமும் சூழ்ந்த பொருளில் நேர்காணல் தரும் பதிலை நம்பி எதையும் கட்ட முடியாது.

அரவிந்த் செய்தது பொதுச் சுகாதார ஆய்வுதானே, அதை வடிவமைப்பு என்பது சரியா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. யார் வரவில்லை என்பதைக் கண்டது நோய்ப்பரவலியல். வந்தால் எங்கே, யாரிடம், எந்த நேரத்தில் என்று வகுத்தது வடிவமைப்பு. முதலாவது இல்லாமல் இரண்டாவது பிளேபம்பாகிறது. இரண்டாவது இல்லாமல் முதலாவது ஆய்விதழோடு நின்றுவிடுகிறது. பயனரின் சொல்லுக்குப் பொருள் கூறும் அதிகாரம் வடிவமைப்பாளரிடமே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் நடாஷா இஸ்கந்தர் 2018இல் குற்றம்சாட்டினார். அதை ஏற்கிறேன். எனினும் அந்த அதிகாரத்தைப் பட்டறைக்குள் பகிர்வதால் மட்டும் பட்டறைக்கே வராதவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இத்தகைய கணக்கெடுப்புக்குப் பணமும் பொறுமையும் வேண்டும். அரவிந்துக்குக் கட்டண நோயாளிகளின் வருமானம் இருந்தது. ஆகவே தன் முகாம்கள் 93 விழுக்காட்டினரைத் தவறவிட்டதை வெளியே சொல்ல அது அஞ்ச வேண்டியிருக்கவில்லை. கொடையை நம்பி நடக்கும் நிறுவனத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எத்தனை பம்பு நட்டாய், எத்தனை பேர் வந்தார்கள் என்றே கொடையாளர் கேட்கிறார். கேட்ட எண்ணைத்தான் நிறுவனமும் தரும். ஆகவே திருத்தம் கொடை ஒப்பந்தத்தில் தொடங்க வேண்டும். பணி நடக்கும் பகுதியில் தேவை இருந்தும் வராதவர்கள் எத்தனை பேர், எந்தக் காரணத்தால் என்பதை ஆண்டுக்கொரு முறை அறிய நிதியின் ஒரு பகுதியை முதலிலேயே ஒதுக்க வேண்டும். அந்த எண் பெரிதாக இருந்தது என்பதற்காக அடுத்த தவணையை நிறுத்தமாட்டோம் என்ற உறுதியையும் எழுத்தில் தரவேண்டும்.